நாலு சென்டிமீட்டர்

அறுபத்து மூன்று, அவள் நாற்காலி.
ஐம்பத்தொன்பது, எஞ்சின் பெட்டிக்கும்
இடப்பக்கத் தூணுக்கும் நடுவில் உள்ள சந்து.
மூன்று தரம் அளந்தேன்.
டேப் பொய் சொல்லவில்லை.
நான்தான் ஒவ்வொரு தரமும்
கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

துவார்னெனே துறையில்
படகுகளுக்கு வெல்டிங் வைக்கிறவன் நான்.
தண்ணீர் புகாமல் அடைக்கத் தெரியும்.
ஆள் புக வழி வெட்டியதில்லை.

அறுபத்து நாலில் பிறந்த சித்ரோயன் வேன்.
உடம்பெல்லாம் வரிவரியாய்த் தகரம்,
மூஞ்சி மட்டும் பன்றிக்குட்டி.
பத்தொன்பது வருடம் அதில் ஏற்றிப்போய்
ஊசி, நூல், பொத்தான், ஜிப் விற்றவள் அசெனோர்.
செவ்வாய் ஒரு சந்தை, வியாழன் ஒரு சந்தை.
ஏணியிலிருந்து விழுந்தது ஞாயிற்றுக்கிழமை.
"லீவு நாளில் விழுந்தேன் பார்" என்பாள்,
அதுதான் குறை என்பதுபோல்.

நான் முதலில் சொன்னது இதுதான்:
பின்னால் ஏறிக்கொள், பெல்ட் போட்டுக் கட்டிவிடுகிறேன்,
உன் அக்கா மகன் ஓட்டட்டும்.
"பின்னால் பொத்தான் பெட்டிகள் போகும்.
நான் பொத்தான் இல்லை."

சரி.

வண்டியும் எங்கள் பக்கம்தான் இருந்தது.
இழுவை முன்சக்கரத்தில்,
அதனால் நடுவில் தண்டு ஓடாத வயிறு,
முழங்காலுக்கும் கீழே தரை.
உடைந்த இழுவைப் படகின் நடைபாலத்தை அறுத்து
பின்கதவுக்குச் சாய்தளம் வைத்தேன்.
ஓத ஏற்றமும் வற்றமும் பார்த்த அலுமினியம்,
எந்தச் சரிவுக்கும் முகம் சுளிக்காது.
ஆக்ஸிலேட்டருக்கு வெளிமோட்டார் படகின் முறுக்குப்பிடி.
கிளட்சுக்குப் பாய்க்கயிற்றுக் கப்பியும் கம்பியும்.
பிரேக்குக்கு ஒரு நெம்புகோல்,
அதை மட்டும் நாலு ராத்திரி
தூக்கத்திலும் அழுத்திப் பார்த்தேன்.

பழைய வண்டிச் சங்கத்துக் கெர்தோன்கஃப் வந்தார்,
மழைக்கோட்டைக் கழற்றாமலே சுற்றி நடந்தார்.
ஒரு துளை போட்டால் மதிப்பு பாதி போச்சு என்றார்.
"மீதிப் பாதியில் நான் போய்க்கொள்கிறேன்" என்றாள்.
மனிதர் பதில் சொல்லாமல் போனார்.
மறுநாள் திரும்பி வந்து
எண்ணெய்த்தாளில் சுற்றிய டிரில் பிட் ஒன்றைத் தந்தார்.
போடுகிற துளையை ஒழுங்காய்ப் போடு.

எல்லாம் முடிந்த பிறகுதான்
இந்த நாலு சென்டிமீட்டர்.
ஸ்டியரிங் வரை போக அந்த ஒரு சந்துதான்.
எஞ்சின் பெட்டியைச் சுருக்க முடியாது,
எஞ்சின் உள்ளே இருக்கிறது.
தூணை வெட்டலாம்.
கூரை அதன் மேல் நிற்கிறது.
ஆனாலும் சாக்பீஸால் கோடு போட்டேன்.
கோட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள்,
நாளைக்கு என்றாள்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால்
அசெனோர் என் வேலைமேசை மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
எப்படி ஏறினாள், யார் கதவு திறந்தார்கள், நான் கேட்கவில்லை.
பக்கத்தில் தலைகீழாய் நாற்காலி.
கையில் என் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
சக்கரத்தைத் தள்ள வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்குமே,
இரண்டையும் கழற்றிவிட்டாள்.
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.
"தூண் இருக்கட்டும்" என்றாள்.
"இனி டயரையே பிடித்துத் தள்ளுவேன்."

ஒரு தாள் நுழையும் இடைவெளி.
உரசாமல் போனாள்.
நான் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன்,
போகிறது நான் என்பதுபோல்.

கெம்பேரிலிருந்து வந்த அதிகாரி
அரை மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்து,
கடைசியில் ஹாரனை மட்டும் இரண்டு தரம் அடித்துவிட்டு
முத்திரை குத்தினார்.

செவ்வாய்ச் சந்தையில் போய்ப் பார்த்தேன். தூறல்.
சாய்தளம் ஈரம், வேனைச் சுற்றிக் குடைகள்.
அவள் உள்ளங்கை இரண்டும் கறுப்பு,
டயரின் கறுப்பும் ரோட்டின் சேறும்.
ஸ்டியரிங்கில் கைத்தடம், கதவில் கைத்தடம்,
சில்லறை நாணயத்தில்கூட ஒரு விரல்.
லேஸ் பின்ன வெள்ளை நூல் கேட்ட அம்மாளிடம்
அதட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"மேல் தட்டு, இடது ஓரம். நீங்களே எடுங்கள்.
நான் தொட்டால் அது சாம்பல் நூல்,
விலை ஒன்றுதான்."
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.
நன்றி கின்றி என்று ஏதும் இல்லை.
மூன்றாவது கியர் இறுக்கமாக விழுகிறது என்றாள்.

வளையங்கள் இரண்டும் என் பட்டறை ஆணியில்.
ஒன்றில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி வைத்திருக்கிறேன்.
மற்றது சும்மா தொங்குகிறது.